கையேடு இணையத்துக்குப் போன கதை

ஹைதராபாத்துக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கென்று எங்கள் சங்கம் ஒரு கையேடு அச்சிட்டு வந்தது. வழவழப்பான தாள், தங்க நிற எழுத்து. தலைவர் வாழ்த்துரை, செயலாளர் வாழ்த்துரை, இருவரும் மாலையோடு நிற்கும் படங்கள். இத்தனையையும் பொறுமையாகக் கடப்பவருக்கு வீடு, மருத்துவர், பஸ் பற்றிக் கொஞ்சம் தகவல் கிடைக்கும்.

அதை இணையப் பக்கமாக்கும் வேலை, மென்பொருள்காரி என்பதால் என் தலையில் விழுந்தது. தலைவர் பாலாநகரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும்.

"உங்க போட்டோவைத் தாண்டித்தான் டாக்டர் நம்பர் வரணுமா சார்?" என்று கேட்டேன்.

"ஹவ், ஆமாம்மா, என் போட்டோதான் ஃபர்ஸ்ட்டு" என்றார்.

வாசகர் கருத்து எழுத அடியில் ஒரு பெட்டி வைத்தேன். அமீர்பேட் ஹாஸ்டலில் தங்கியிருந்த தூத்துக்குடிப் பெண் ஒருத்தி முதலில் எழுதினாள்: "நீங்க போட்டிருக்கிற க்ளினிக்ல இப்போ பிரியாணிக் கடை இருக்கு. காய்ச்சலோட போய் நின்னேன்."

தலைவர் கொதித்துவிட்டார். "நக்கோம்மா, இதெல்லாம் வேணாம், அந்தப் பெட்டியை மூடு. இவ யாரு, மெம்பரா?"

நான் பெட்டியை மூடவில்லை, க்ளினிக்கை எடுத்தேன். அடுத்து அவளே கேட்டாள்: "அம்மாவையும் கூட்டிட்டு வரப் போறேன். மீன் சமைக்கிறவங்களுக்கு எந்தப் பக்கம் வீடு கிடைக்கும்?"

கையேடு இந்நகரத்தின் விருந்தோம்பலை மட்டும் புகழ்ந்திருந்தது. 'சில வீட்டுக்காரர்கள் அசைவம் சமைப்போருக்குத் தருவதில்லை. முன்பணம் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்' என்று நான் ஒரு வரி சேர்த்தேன். அவசரக் கூட்டம் கூடியது.

"இதெல்லாம் எழுதினா நம்ம மானம் என்னாகும்?" என்றார் தலைவர்.

"உங்க மாடி போர்ஷன் பலகையில நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே சார், சைவம் மட்டும்னு" என்றேன்.

"அது பலகைம்மா. இதை உலகமே பாக்கும்!"

அந்த வரியை நீக்கத் தீர்மானம் நிறைவேறியது. எப்படி நீக்குவது என்று கமிட்டியில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும்; ஆனால் நீக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இணையத்தில் கண்ணியம் இல்லை என்று கண்டுபிடித்த கமிட்டி, மறுபடி புத்தகமே போட முடிவெடுத்தது. தலைவர் படம் இந்த முறை முழுப் பக்கம். அதில் பிரியாணிக் கடை மீண்டும் க்ளினிக் ஆனது; இணையப் பக்கம் அப்படியே இருந்தது.

தூத்துக்குடிப் பெண்ணுக்கு அல்வால் பகுதியில், பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டு மாடி கிடைத்தது. சமையலைப் பற்றி அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது வீட்டுக்காரம்மா சிரித்தாராம். "கைக்கும்மா, எதுக்குப் பயப்படுறே? மீன் வாங்கப் போறப்ப என்னையும் கூப்பிடு."

அந்தத் தெருவின் பெயரை இணையப் பக்கத்தில் சேர்க்கச் சொல்லி எழுதியிருந்தாள். வாழ்த்துரைக்கு மேலே சேர்த்தேன்.