துரைமார் திருநாளில் எனக்கு ஒரு நாற்காலி

மலாயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில், என் வயலினைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் எங்கள் சின்ன துரை. அவர் அயர்லாந்துக்காரர். பெரிய துரையும் மற்றவர்களும் இங்கிலீஷ்காரர்கள். இவரைக் கண்டால் அவர்களுக்கு இளக்காரம். இவரும் ஊரிலிருந்து ஒரு பிடில் கொண்டு வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு வழியாக நடந்து போனவர், நான் வாசிப்பதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அடுத்த ஞாயிறு தன் பிடிலோடு வந்து சேர்ந்தார். வினை அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது.

நான் தரையில் சப்பணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறவன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மோவாயில் இடுக்கிக்கொண்டு, சப்பாத்துக் காலால் பலகையைத் தட்டித் தட்டி வாசிப்பார். அவர்கள் சங்கீதத்தில் ஆலாபனை கிடையாது. சின்னச் சின்ன மெட்டு. ஒவ்வொரு பாதியையும் இரண்டு தரம் வாசித்து, மூச்சு விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். எத்தனை பேர் கூடினாலும் எல்லாரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்க வேண்டும். இதுவும் ஒரு சங்கீதமா என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தகிட, தகிட என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பிடித்துக்கொண்டேன். தந்திகளை அவர் சுருதிக்கு மாற்றிக் கூட்டவும், நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கவும் பழகினேன். ஒரு மெட்டின் நடுவில் நம் வழக்கப்படி ஒரு ஸ்வரத்தை இழுத்து வளைத்தபோது, அவர் வில்லை நிறுத்திவிட்டு, "இன்னொரு தரம் வாசிங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் விலைபோய்விட்டேன்.

அயர்லாந்துப் பாட்டை இங்கிலீஷ்காரர்கள் பட்டிக்காட்டுக் கூச்சல் என்பதையும், கிளப்பில் தன்னைப் பிடில்காரன் என்று கூப்பிட்டுச் சிரிப்பதையும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். நானும் அவருக்காக வருத்தப்பட்டேன். கிராணி துரைக்காக வருத்தப்பட்ட வேடிக்கை அது.

மார்ச் மாதத்தில் அவர்கள் நாட்டுப் புனிதர் ஒருவருக்குத் திருநாள். ஜொகூர், மலாக்கா பக்கத்துத் தோட்டங்களிலும் ரயில்வேயிலும் போலீஸிலும் இருந்த அயர்லாந்துக்காரர்கள் அன்றைக்கு ஒரு கிளப்பில் கூடி வாசிப்பார்கள், ஆடுவார்கள். "இந்த வருஷம் நீங்களும் வரணும். என் பக்கத்துல உங்களுக்கு நாற்காலி" என்றார்.

"ஆழம் தெரியாம காலை விடாதீங்க. வெள்ளைக்காரங்க கிளப்புக்குள்ள நம்மள யாரு விட்டாங்க?" என்றாள் என் மனைவி.

"கூப்பிட்டதே அவருதானே" என்றேன், பெருமையாக.

எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. கிளப்பைப் பார்க்கிற ஆசை இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து ஒரு தரமாவது வாசிக்க வேண்டும். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மேளமும் தப்பும் போதும். வயலினை யார் கேட்டார்கள்?

வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, சப்பாத்து என்று கிராணி உடுப்பில் ரயிலேறிப் போனேன். வராந்தாவிலிருந்து பார்த்தேன், கிளப் கூடத்தில் நாற்காலிகளை வளைவாகப் போட்டிருந்தார்கள். குழல் வாசிக்கும் போலீஸ் துரை ஒருவர், மடியில் வைத்து இழுக்கும் பெட்டியோடு ஒருவர், அப்புறம் எங்கள் சின்ன துரை. அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சொன்ன சொல் தவறாத மனுஷர் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வாத்தியத்தைச் சப்பாத்துக் காலோடு தொடுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. வராந்தாவிலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்து, வயலினை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனேன். அந்தக் காலத்தில் ஓர் ஆளின் தரத்தைக் காலைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். வெள்ளை உடுப்பும் வெறுங்காலும் என்றால் கிளப்பில் பரிமாறுகிற வேலைக்காரன். இது எனக்குத் தெரியாததல்ல. வயலின் கையில் இருந்ததால் நினைவில் இல்லை.

பச்சை ரிப்பன் குத்தியிருந்த ஒரு துரைசானி, நான் துரையின் பிடிலைத் தூக்கி வருகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அதை அந்த மேசை மேல் வை என்று விரலைக் காட்டினாள். வைத்தேன். காலிக் கிளாஸ்கள் இருந்த தட்டை என் கையில் திணித்து, ஐஸ் கொண்டு வா என்றாள்.

நான் சின்ன துரையைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். எட்டினால் தொடுகிற தூரம். 'இவர் வாசிக்க வந்தவர்' என்று ஒரு வார்த்தை போதும். அவர் குனிந்து, தந்தியை முறுக்கும் பிருடையைத் திருக ஆரம்பித்தார். அந்தத் தந்தி ஏற்கெனவே சுருதியில்தான் இருந்தது. எனக்குக் காது உண்டு.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். வந்தும் தெரியாதவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தட்டைக் கொண்டுபோய்ச் சமையல்கட்டில் வைத்தேன். சீனச் சமையல்காரர் அதை வாங்கிக்கொண்டார். அதற்குள் கூடத்தில் வாசிப்பு ஆரம்பித்துவிட்டது. பின்படியில் நின்றபடி கேட்டேன். ஞாயிறுகளில் நாங்கள் கோத்து வைத்திருந்த அதே மெட்டுகள், அதே வரிசை. இரண்டாவது மெட்டின் நடுவில் என்னுடைய அந்த வளைவு வந்தது. அவர்தான் வாசித்தார். ஆஹாகாரமும் கைத்தட்டலும் கூரையைப் பிளந்தன. மேசை மேலிருந்த வயலினை எடுத்துக்கொள்ள நான் திரும்பி உள்ளே போனபோது, காலியாக இருந்த நாற்காலியில் யாரோ கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து வயலினைப் பெட்டியில் வைத்து மூடினேன். என் முகத்தைப் பார்த்த மனைவி சோற்றைப் போட்டு வைத்தாள்.

அடுத்த ஞாயிறு சின்ன துரை பிடிலோடு வந்தார். வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. திருநாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்தார், சுருதி சேர்த்தார், ஆரம்பித்தார். வெளியே போ என்று சொல்லும் அதிகாரம் எனக்கு ஏது? அதுகூடப் பொய்தான். எனக்குத் தலைவலி என்று சொல்லியிருந்தால் போயிருப்பார். அந்தத் தோட்டத்தில் என்னோடு வாசிக்க வேறு ஓர் ஆள் இல்லை. வயலினை எடுத்தேன்.

அன்றைக்கு வாசித்ததுபோல நாங்கள் அதற்கு முன்னால் வாசித்ததே இல்லை. அவரை வெறுத்துக்கொண்டே அவரோடு இழை பிசகாமல் போனேன். ஓர் இடத்திலாவது தாளத்தைத் தவறவிட்டு அவரைத் தடுமாற வைத்திருக்கலாம். மனசு ஆயிரம் தடவை சொல்லிற்று. கை கேட்கவில்லை.