அத்தான் நின்ற இடங்கள்

அத்தான் எனக்கு முதலில் காட்டியது ஒரு பெரணிக் குருத்து. பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்குப் பின்னால், கால்வாய்ச் சுவரில் முளைத்திருந்தது. "பாத்தியா மாப்ளே, உள்ளுக்குள்ள சுருண்டு சுருண்டு போகுது" என்று குனிந்து நின்றார். என் அக்காளின் கணவர் அவர். கிள்ளான் ஆற்றோரக் கிடங்கு ஒன்றில் இருவரும் கணக்கெழுதும் கிராணிகளாக இருந்தோம். காலையில் ஒன்றாகத்தான் நடந்து போவோம்.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்று இருக்கும். ரப்பர் கொட்டையைப் பொறுக்கி, இதன் கோலம் இன்னொன்றில் அப்படியே வராது என்பார். மழையில்லாத நாட்களில் ஆற்றங்கரைச் சேறு வெடித்துக் கிடக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை மூலை என்று எண்ணுவார். குழியானைப் பூச்சி மணலில் பறித்த குழியின் வட்டத்தை வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் இருமல் வந்தால் பழியைப் புகையிலைமேல் போட்டுவிடுவார். அரை மைலுக்குள் ஏழெட்டு இடத்தில் நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனாலும் நானும் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இந்த வயதிலும் நடக்கும்போது என் கண் தரையில்தான் இருக்கிறது.

ஒருநாள் தாமதமாகப் போனதற்குப் பெரிய கிராணி முறைத்தார். அத்தானைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "இவரு நாலடிக்கு ஒருக்கா நின்னு இலையப் பாக்குறாருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். பெரிய கிராணி மட்டும், "நாலடிக்கு ஒருக்காவா?" என்று கேட்டார். அவருடைய தம்பி சயரோகத்தில் போனவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த வாரமே அத்தானை டாக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு நுரையீரலும் கெட்டிருந்தன. வேலை போயிற்று, ஊருக்குக் கப்பல் ஏறச் சொல்லிவிட்டார்கள். அக்காளுக்கு அப்போது ஏழாம் மாதம். பிள்ளை பிறக்கும் வரையாவது சம்பளம் வரட்டும் என்றுதான் இருவரும் நோயை மறைத்திருந்தார்கள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. என் வாயைப் பற்றி அக்காளுக்குத் தெரியும். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கிள்ளான் துறைமுகத்துக்குப் போக ரயிலடிக்கு நடந்தோம். அக்காள் முன்னால் போனாள். பெட்டியை நான் சுமந்தேன். பாதி மேட்டில் அத்தான் நின்றார். பழக்கத்தில் நானும் குனிந்து தேடினேன். வெறும் சரளைக்கல்தான் இருந்தது.

"என்ன அத்தான் பாக்குறீங்க?"

"ஒண்ணும் பாக்கல மாப்ளே. மூச்சு வாங்குது."

பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். அதை அவர் என்னிடம் சொன்னது அந்த ஒரு தடவைதான். கிடங்கில் நான் சொன்னதைப் பற்றி அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.