தஞ்சோங் டாவாயில் ஒரு ஜோடி கையுறை

தஞ்சோங் டாவாய் மீனவ ஊரின் நண்பகல் வெயிலில் சாலைத் தார் இளகுகிறது. மீன் உறைகிடங்கின் கதவில் மைனஸ் பதினெட்டு என்று எண் ஒளிர்கிறது. லோரி ஓட்டுநர் முனியம்மா கம்பளித் தொப்பியும் குளிர்ச்சட்டையும் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கையுறை கிழிந்துவிட்டது.

“அஞ்சு நிமிஷ வேலைதான் லா, அக்கா. பெட்டிய ஏத்துங்க,” என்கிறார் மேற்பார்வையாளர்.

“நீங்களே ஏத்துங்க தம்பி. லோரி சாவி எங்கிட்டயே இருக்கட்டும்.”

“வேலை போயிடாதா?” என்று மீன் வாங்க வந்த நான் மெதுவாகக் கேட்கிறேன்.

கறுத்து மரத்துப்போன இரண்டு விரல்நுனிகளைக் காட்டுகிறார். “இது போன வருஷம் இந்தக் குளிருக்கு நான் கொடுத்தது. இனி ஒண்ணும் கொடுக்கமாட்டேன்.”

மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் போய் ஒரு ஜோடி வாங்கி வருகிறார். முனியம்மா போட்டுப் பார்க்கிறார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“உள்ள பெட்டி அடுக்குறாரே நேபாளி, அவருக்கு?”

மோட்டார் மறுபடியும் கிளம்புகிறது.