இருபது கிராமும் பூச்சியமும்

பத்மாசனி டீச்சர் முதல்தடவை உயர்தரப் பரீட்சை எழுதியபோது பௌதிகவியலில் சித்தியடையவில்லை. நெடுங்கேணிப் பக்கத்தில் அவள் படித்த பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. யாரோ எழுதிய குறிப்புகளை வரிக்கு வரி பாடமாக்கிக்கொண்டு போயிருந்தாள். இரண்டாம் தடவை விளங்கிப் படித்துத் தேறினாள். அதே பாடசாலைக்கு ஆசிரியையாக வந்து பதினொரு வருடம். பாடமாக்கிய விடையைக் கண்டால் இன்றும் ஓரத்தில் ‘ஏன்?’ என்று எழுதிவிடுவாள்.

போன மாசியில் பல பாடசாலைகள் சேர்ந்து நடத்திய மாதிரிப் பரீட்சையின் தாள்களை மாங்குளத்தில் வைத்துத் திருத்தினார்கள். வினாத்தாளும் விடைத்திட்டமும் ரியூசன் ஆசிரியர் பிரதாபன் செய்தவை. ஒரு கேள்வி: அரைவாழ்வுக்காலம் ஐந்து நாளான, தானாகக் கதிர்வீசித் தேயும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் எண்பது கிராம் இருக்கிறது, பத்து நாளின் பின் எவ்வளவு மிஞ்சும்? விடைத்திட்டத்தில் பூச்சியம் என்றிருந்தது. முதல் ஐந்து நாளில் பாதி போனால் அடுத்த ஐந்து நாளில் மற்றப் பாதியும் போய்விடுமாம்.

பத்மாசனி அதைப் பொறுப்பாளர் சிவராசாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். முதலில் நாற்பது, பிறகு அந்த நாற்பதில் பாதி, ஆக இருபது கிராம் மிஞ்சும் என்றாள். அவர் மறுக்கவில்லை.

“ஓம் டீச்சர், பிழைதான். ஆனால் அரைவாசித் தாள் திருத்தியாச்சு. எல்லாருக்கும் ஒரேமாதிரிப் பிழையாத் திருத்தினால் ஒருத்தருக்கும் அநியாயமில்லைதானே. போட்டுவிடுங்கோ.”

சுற்றியிருந்த ஆசிரியர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துத் தின்றபடி பூச்சியங்களுக்குச் சரி போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்மாசனி இருபதுக்கே புள்ளி போட்டாள். கையெழுத்து வைக்க மறுத்தாள். மறுநாள் அவளுடைய விடைத்தாள் கட்டு வேறொருவரிடம் போயிற்று.

அதைவிடக் கேவலமானது பிறகு வந்தது. திருத்தித் திரும்பி வந்த தாள்களில், அவளுடைய வகுப்பு வினோஜாவின் தாளில் இருபது கிராம் என்று ஒழுங்காகக் கணக்குச் செய்து, அதை ஒரே கோட்டால் வெட்டி, கீழே பூச்சியம் எழுதியிருந்தது. முழுப் புள்ளி.

ஏன் வெட்டினாய் என்று கேட்டாள்.

“இருபது எண்டு தெரியும் டீச்சர். ஆனால் பிரதாபன் சேரின்ர ரியூசன் நோட்ஸில பூச்சியம் எண்டிருக்கு. பேப்பர் போடுறதும் அவர்தானே.”

பிள்ளையின் முகத்தில் வெட்கம் துளியும் இல்லை.

அடுத்த பாடத்துக்கு ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசிய நூறு புளியங்கொட்டைகளுடன் போனாள். மாணவர்கள் குலுக்கிக் கொட்டி, வெள்ளை மேலே விழுந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, மிஞ்சியதைத் திரும்பக் கொட்டினார்கள். நாற்பத்தாறு மிஞ்சின, பிறகு இருபத்தைந்து, பிறகு பதினொன்று. எந்தக் கொட்டை எப்போது போகும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பாதி போய்க்கொண்டுதான் இருந்தது.

“மிஞ்சின கொட்டைக்குத் தான் ஒருக்காத் தப்பினது தெரியாது டீச்சர்,” என்றான் கிருசாந்தன். “அது புதுசு மாதிரித்தான் திரும்ப விழுது.”

கதிர்த்தொழிற்பாட்டுத் தேய்வை இதைவிடச் சரியாக ஒருவரும் அந்த வகுப்பில் சொன்னதில்லை. அணுக்கருக்களும் அப்படித்தான் என்றாள் பத்மாசனி.

சித்திரையில் பிரதாபனின் புதிய குறிப்பு வந்தது. பூச்சியம் இருந்த இடத்தில் இருபது. பிழை நடந்ததென்று ஒரு சொல் இல்லை. பெறுபேற்றுப் பட்டியலை மட்டும் ஒருவரும் மாற்றவில்லை. அந்தப் பூச்சியத்துக்குக் கிடைத்த புள்ளியோடு வினோஜா முதலாவதாக வந்திருந்தாள். காலைக் கூட்டத்தில் அவளைப் பாராட்டி இரண்டு வார்த்தை பேசும்படி அதிபர் சொல்லி அனுப்பினார். பத்மாசனி போகவில்லை.