சாகாதவனுக்குக் கிடைத்த பன்

பேரனுக்குப் பள்ளி நாடகத்தில் முனிவர் வேஷம். தாடி ஒட்டும் பசைக் குப்பியை மருமகள் திறந்தாள். அந்த நெடி வந்ததுமே எனக்கு முகவாய் அரிக்கத் தொடங்கிவிட்டது. நம்புங்கள், இத்தனை வருஷம் கழித்தும்!

நானும் தாடி ஒட்டியவன்தான். பெங்களூரில் ஊமைப்படம் எடுத்த காலம் அது. கண்டோன்மெண்டில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. அம்மாவுக்கு அது மட்டும்தான் தெரியும். சினிமாக் கொட்டகையைக் கடந்து போனாலே சிலுவை போட்டுக்கொள்கிறவள் அவள்.

படத்தின் கதையைக் கேளுங்கள். மூலிகை தின்று சாவை வென்ற கிழவன் ஒருவன், பல நூறு வருஷம் கழித்து நம் பெங்களூரில் மோட்டாருக்கும் மின்சார விளக்குக்கும் நடுவே அலைகிறான். சுட்டாலும் எழுந்து உட்காருகிறான். அந்தக் கிழவன் அடியேன். ஒல்லியாக இருந்தேன், சம்பளம் கேட்கவில்லை. வேறு தகுதி கிடையாது. கம்பெனியின் ஏழ்மை சொல்லி மாளாது. மோட்டார்கூட ஒரு டாக்டருடையது. அவர் நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் காட்சியை முடித்தாக வேண்டும்.

"கல்லறைத் திருநாள் அன்னிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனா பூவு, மெழுகுவத்தி, ஜனம் எல்லாம் சும்மாவே கெடைக்கும்பா" என்றார் டைரக்டர். கத்தோலிக்கனான நான் மறுத்திருக்க வேண்டும். வேஷம் கைவிட்டுப் போகுமே என்று தலையாட்டினேன். அம்மாவிடம், கடையில் லீவு இல்லை, அப்பா கல்லறைக்கு நீ மட்டும் போய் வா என்று சொல்லிவிட்டேன்.

மரத்துக்குப் பின்னால் காமிரா. ஒரு கல்லறை ஓரம் கந்தல் சால்வையோடு நான். காமிராவின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்ததும், கூட்டத்திலிருந்து விலகி அம்மா நேராக என்னிடம் வந்தாள். அன்றைக்கு ஏழைகளுக்கு எதையாவது கொடுத்து, இறந்தவருக்காகச் செபிக்கக் கேட்பது எங்கள் வழக்கம். அம்மா குனிந்து ஒரு பன்னை நீட்டினாள்.

"எங்க வூட்டுக்காரரு ஆத்துமாவுக்கு ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்க பெரியவரே."

குரல் காட்டிக்கொடுத்துவிடும். வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டினேன்.

"பேச்சு வராதா? பாவம். மனசுக்குள்ள சொல்லிடுங்க, அது போதும்."

மனசுக்குள்ளும் சொல்லவில்லை. தாடி நழுவுகிறதா என்பதே என் கவலை. பெற்ற அப்பாவுக்கு ஒரு செபம்கூடச் சொல்லாமல் அந்தப் பன்னை வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

டைரக்டருக்கோ ஒரே குஷி. "அந்தம்மா என்னமா நடிச்சாங்க! வெட்டவே மாட்டேன்" என்றார்.

சாயங்காலம் வீட்டில் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "உனக்குன்னு வாங்கின பன்னுடா. ஒரு ஊமைப் பெரியவருக்குக் குடுத்துட்டேன். கண்ணு அப்படியே உங்கப்பா கண்ணு." பன் என் கோட்டுப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க முடியுமா?

படம் கொட்டகைக்கு வருவதற்குள் பேசும்படம் வந்துவிட்டது. ஊமைக் கிழவனை யாரும் சீந்தவில்லை. படச் சுருள்களை செல்லுலாய்டு வளையல் செய்கிறவர் எடைக்கு வாங்கி உருக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, அம்மா பார்க்கமாட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று மாதாவுக்கு மெழுகுவத்திகூட ஏற்றினேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டே பேரன் கேட்டான்: "தாத்தா, உங்க அம்மா எப்படி இருப்பாங்க? போட்டோ இருக்கா?"

இல்லை. அம்மா போட்டோவே எடுத்துக்கொண்டதில்லை. அவள் நடந்து வந்தது, குனிந்தது, பன்னை நீட்டியது எல்லாம் அந்த ஒரு சுருளில்தான் இருந்தது.