எந்தச் சேனலில் வருது?

செனி பகாதுவானுக்கு என்ன பிடிக்கும் என்பது அவனுடைய வாசகர்களுக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். வாசகர்களுக்கு என்ன பிடிக்கும் என்பதுதான் அவனுக்குப் பிடிக்காமல் இருந்தது.

அவன் வலைப்பதிவின் பெயர் 'மூன்றாவது வரிசை'. எங்கள் ஊர் கேசோன் சிட்டியில் யார் நாடகம் போட்டாலும் மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் அவனைப் பார்க்கலாம். பகலில் இன்சூரன்ஸ் ஆபீசில் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, ஆபீஸ் போவதற்கு முன்னால் பதிவு எழுதுவான். நாடகம், டி.வி. தொடர், அப்புறம் பக்லாக்களின் பாடு. ஆண்களை விரும்பும் ஆண்களுக்கு இங்கே அதுதான் பெயர். திட்டவும் அதே சொல், கொஞ்சவும் அதே சொல். செனி தன்னைப் பற்றி எழுதும்போது வேறு சொல் போட்டதில்லை.

நாடக விமர்சனத்துக்கு நாற்பது பேர் வந்தால் பெரிது. அதில் பாதி நடித்தவர்களின் சொந்தக்காரர்கள். தொடரின் கதையை மறுநாள் சுருக்கி எழுதினால் ஒன்பதாயிரம் பேர். 'இந்த வார அறை' என்று ஒரு பகுதி வைத்திருந்தான், அதற்கு இருபதாயிரத்துக்குக் குறைந்ததில்லை. எங்கள் தொடர்களில் வில்லி யாரையாவது அறையாமல் வாரம் முடியாது. ஒவ்வொரு அறைக்கும் செனி மார்க் போடுவான். கை எவ்வளவு பின்னால் போனது, சத்தம் வந்ததா, வாங்கியவளின் முடி எந்தப் பக்கம் பறந்தது.

அவன் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் நான் இருக்கிறேன். முப்பது வருடம் ஆலை வாசலில் துண்டறிக்கை கொடுத்தவன். அதனால் என்னைத் 'தோழர்' என்றுதான் கூப்பிடுவான், பாதி மரியாதை, பாதி கிண்டல்.

"வில்லியை எதுக்குடா இப்படிக் கொண்டாடுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லவளுக்கு என்ன தோழர், அழுதா போதும். வில்லிக்குத்தான் நல்ல டிரெஸ்ஸு, நல்ல டயலாக்கு. கடைசி வாரம் ஒருத்தரும் மன்னிக்க மாட்டாங்கன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு வந்து நிப்பா பாருங்க. அது எங்காளுங்களுக்குப் புரியும்."

டி.வி.யில் அறை வாங்குவதையே தொழிலாக வைத்திருந்தவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். தாக்யோ வில்லாலுஸ், அறுபத்தெட்டு வயது. பக்லாக்கள் எல்லாருக்கும் 'மம்மி'. நாற்பது வருடம் அவருக்குக் கிடைத்தது ஒரே வேஷம். பக்கத்து வீட்டு பக்லா. கதவைத் திறப்பார், உளறுவார், அறை வாங்குவார், விழுவார், ஊர் சிரிக்கும். மார்க்கெட்டுக்குப் போனால் மீன்காரரிலிருந்து காய்கறிக்காரி வரை கையை ஓங்கிக் காட்டுவார்கள். மம்மி ஒரு சுற்று சுற்றிக் கூடை மேல் விழுந்து காட்ட வேண்டும். ஒருநாள் முழங்கால் வலி என்று விழாமல் நின்றார். "பெரிய ஆளாயிட்டாரு" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள்.

அந்த மனிதருக்கு அந்த வருடம் முதல்முறையாகக் கதாநாயகன் வேஷம் கிடைத்தது. மரிவெல் ஒக்ஃபெமியா என்கிற டைரக்டர் கொடுத்தார். நாடகத்தின் பெயர் 'இரண்டு தலையணை'. நடனப் பள்ளியின் மாடியில் தொண்ணூறு நாற்காலி போட்ட ஹால்.

கதை இதுதான். பெர்த்திங், லாந்தோ என்று இரண்டு கிழவர்கள். முப்பத்தோரு வருடம் ஒரே வீடு, ஒரே கட்டில். லாந்தோ செத்துப்போகிறார். ஊரிலிருந்து அவர் தங்கை வருகிறாள். சவப்பெட்டி வீட்டு நடுவில் இருக்கிறது. சாவு வீட்டில் குடும்பத்தார் நெஞ்சில் குத்திக்கொள்ளும் கறுப்புப் பின்னை அவள் எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கிறாள், தூரத்துப் பெரியப்பா மகன் வரைக்கும். பெர்த்திங்குக்கு மட்டும் இல்லை.

மம்மி அந்த வேஷத்தில் வந்து நின்றதை நான் பார்த்தேன். கூட்டம் நடத்தியவனுக்கு ஆளை எடைபோடத் தெரியும். இந்த மனிதரை நாற்பது வருடம் கதவு திறக்க வைத்திருந்தார்களே என்று வயிறு எரிந்தது.

முதல் வாரம் வந்தவர்கள் பதினோரு பேர். ஹால்காரர் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை நிறையாவிட்டால் அன்றோடு சரி. எடை குறைக்கும் நடன வகுப்புக்கு ஹால் வேண்டுமாம்.

செனி விமர்சனம் எழுதினான். பதினோரு வருடத்தில் அவன் எழுதியதில் அதுதான் சிறந்தது. முப்பத்தாறு பேர் படித்தார்கள். நான் விடுவேனா? நானே ஒரு வேண்டுகோள் எழுதிக் கொடுத்தேன். 'கலையை நேசிக்கும் மக்களே, அணி திரண்டு வாரீர்!' பதினான்கு பேர் படித்தார்கள். அதில் ஒருவன் கீழே கேட்டிருந்தான்: "யாரு செத்தது?"

ஞாயிற்றுக்கிழமை காலை மம்மி ஒரு தட்டு எண்ணெயில் பொரித்த வாழைப்பழத்தோடு மாடிக்கு வந்தார். செனியை அவர் பெண்பாலில்தான் கொஞ்சிக் கூப்பிடுவார்.

"அடியே செனி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே. நாப்பது வருஷம் அடி வாங்கினேன், பதினோரு பேரு கை தட்டினாங்க. எனக்கு அது போதும்டி."

"போதாது மம்மி."

"பின்ன என்ன பண்ணப் போறே? ஜனங்க உங்கிட்ட என்ன கேக்குறாங்களோ அதைக் குடு. யாரு யாரை அறைஞ்சாங்கன்னு எழுது. என்னையும் ஆயிரம் தடவை எழுதிருக்கியே."

விளையாட்டாகத்தான் சொன்னார். செனி பொரித்த பழத்தைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். எண்ணெய் அவன் சட்டையில் சொட்டியது.

மறுநாள் திங்கட்கிழமை. 'மூன்றாவது வரிசை'யில் ஒரு புதுத் தொடரின் கதைச் சுருக்கம் வந்தது. எபிசோடு ஒன்று. நாடகம் என்ற சொல்லே கிடையாது. லாந்தோவும் பெர்த்திங்கும் மார்க்கெட்டில் ஒரே குடைக்குச் சண்டை போட்டுச் சந்தித்த கதை. கடைசி வரி: 'அந்தக் குடையை யார் வீட்டுக்கு எடுத்துப் போனது?' செவ்வாய்க்கிழமை எபிசோடு இரண்டு. புதன்கிழமை லாந்தோ இருமினார். வியாழக்கிழமை தங்கை பஸ்ஸிலிருந்து இறங்கினாள், கையில் பின் டப்பா. தொடருக்கு எழுதுகிற அதே நக்கல், அதே வேகம், சரியான இடத்தில் அதே வெட்டு.

புதன்கிழமையே பன்னிரண்டாயிரம் பேர் ஆகிவிட்டது. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி.

"எந்தச் சேனலில் வருது?"

செபூவில் ஒரு பெண் எல்லாச் சேனலையும் இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டாளாம். கப்பலில் சமையல் வேலை செய்யும் ஒருவன், தன் ஆன்டெனாதான் பழுது என்று நினைத்து மேலே ஏறி முறுக்கியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை எபிசோடு ஐந்து. கறுப்புப் பின் எனக்கும் வேண்டும் என்று பெர்த்திங் கேட்கிறார். தங்கை கையை ஓங்குகிறாள். அங்கே வெட்டினான். 'கை மேலே போயிருக்கிறது. பின்னால் நன்றாகப் போயிருக்கிறது. இறங்கியதா? இந்த வார அறைக்கு மார்க் நாளை மூன்று மணிக்கு. சேனல் கிடையாது. கேசோன் சிட்டி, நடனப் பள்ளி மாடி.'

வாசகர்கள் அவனைக் கிழித்துவிட்டார்கள்.

"துரோகி!"

"அடப்பாவி, நாடகமாடா அது? அஞ்சு நாளா என்னை நாடகம் படிக்க வெச்சிட்டியே!"

"நான் ரியாத்துல இருக்கேன். மூணு மணிக்கு எதுல வர்றது, ஒட்டகத்துலயா?"

கடைசியாகக் கேட்டவன் டெல்வின், ஆஸ்பத்திரி நர்ஸ். அரை மணி நேரம் கழித்து அவனே மறுபடி எழுதினான். "சரி. எங்கம்மா அங்க பக்கத்துலதான், மரிகினாவுல சும்மா இருக்கா. அவளை அனுப்புறேன். கை இறங்குச்சா இல்லையான்னு போன்ல சொல்லட்டும்."

அதற்குக் கீழே துபாயிலிருந்து ஒருவன்: "எங்கம்மாவையும்." ஹாங்காங்: "எங்க சித்தியை." கப்பல்காரன்: "எனக்கு ரெண்டு அக்கா."

டைரக்டர் மரிவெல் அன்று மதியமே செனியின் ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"என் நாடகத்தை சீரியல் ஆக்கிட்டியேய்யா!"

"அது சீரியல்தான் டைரக்டரம்மா. காதல் இருக்கு, சாவு இருக்கு, வீடு இருக்கு, நாத்தனார் இருக்கா. நீங்கதான் லைட்டைக் கொறைச்சு வெச்சிருக்கீங்க."

சனிக்கிழமை இரண்டு மணிக்கே படிக்கட்டில் பெண்கள். குடை, விசிறி, வேகவைத்த வேர்க்கடலை, டப்பாவில் அரிசிப் புட்டு. கீழே நடனப் பள்ளியிலிருந்து நானும் செனியும் பிளாஸ்டிக் நாற்காலி தூக்கினோம். நூற்றுப் பதினேழு தலை. நான் எண்ணினேன், பழக்கதோஷம்.

மரிவெல் மேடைக்கு வந்து கறாராகச் சொன்னார். "யாரும் பேசக் கூடாது. இது நாடகம்." எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஐந்து நிமிடம் தாங்கியது. தங்கை உள்ளே வந்ததும் முதல் குரல் வந்தது.

"வந்துட்டாய்யா நாத்தனாரு!"

ஹால் சிரித்தது. இரங்கல் அறிவிப்பில் பெர்த்திங்கை எப்படிக் குறிப்பிடுவது என்று ஒருவர் கேட்கிறார். 'குடியிருந்தவர்னு போடு' என்கிறாள் தங்கை.

"குடியிருந்தவனா?" இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு குரல். "முப்பத்தோரு வருஷம்டி! எம்புருஷன் எங்கூட ஒன்பது வருஷந்தான் இருந்தான்!"

தங்கையாக நடித்த பெண்ணுக்கு வசனம் மறந்தே போனது. பின்னால் நின்ற மரிவெல் செனியின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"நிறுத்து இவங்களை!"

"எப்படி நிறுத்தறது? இவங்க வீட்டுல டி.வி. பாக்குறாங்க."

மேடையில் மம்மி பதறவில்லை. நாற்பது வருடம் சத்தத்துக்கு நடுவில் நின்றவர். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். அந்த இரண்டாவது வரிசைப் பெண்ணைப் பார்த்து, ஆமாம் என்பது போலத் தலையசைத்தார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, மறந்துபோன வசனத்துக்கு அவளை மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனார். மரிவெல்லின் கை காலரிலிருந்து இறங்கியது.

கடைசிக் காட்சி. தங்கை கையை ஓங்கினாள்.

"அடிக்காதே!" ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில். முன் வரிசையில் ஒரு கனத்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். மடியிலிருந்த கடலை தரையில் உருண்டது. "முப்பத்தோரு வருஷம் சோறு போட்டவன்மா அவன்! தொடாதே!"

மம்மி அசையவில்லை. கை வருவதற்கு முன்பே விழத் தொடங்கும் உடம்பு அது. அன்று மரம் மாதிரி நின்றது. ஓங்கிய கை வழக்கத்தைவிட அதிக நேரம் மேலேயே இருந்தது. பிறகு தங்கையின் நெஞ்சுக்கே இறங்கியது. தன் கறுப்புப் பின்னைக் கழற்றினாள். பெர்த்திங்கின் சட்டையில் குத்திவிட்டாள்.

அத்தனை வாயும் மூடியது. விசிறிகூட ஆடவில்லை. அப்புறம் கைதட்டினார்கள் பாருங்கள், கீழே நடன வகுப்பில் பாட்டை நிறுத்திவிட்டு மேலே ஓடி வந்தார்கள்.

நாடகம் முடிந்து நாற்காலியை இறக்கும்போது படிக்கட்டில் அந்தக் கனத்த அம்மாள் உட்கார்ந்து போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"டெல்வின், கேக்குதா? அடிக்கலடா. அடிக்கல! மார்க்கெல்லாம் எனக்குத் தெரியாது. பின்னைக் கழட்டி அவனுக்குக் குத்திட்டா... ஆமா அழுதேன், உனக்கென்ன? ... டேய் இரு, வெச்சிடாதே. ஒண்ணு கேக்கணும். போட்டோவுல எப்பவும் உன் பக்கத்துல ஓரமா நிப்பானே ஒரு பையன், அவன் பேரென்ன?"

வெகுநேரம் காதில் போனை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் நாற்காலியோடு அப்படியே நின்றோம்.

"நல்ல பேரு" என்றார் கடைசியில். "சாப்பிட்டானா?"

செனி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாடகம் மேலும் ஏழு வாரம் ஓடியது. எடை குறைக்கிறவர்கள் காலைக்கு மாறினார்கள். மரிவெல் கதவில் ஓர் அட்டை தொங்கவிட்டார்: 'பேசலாம். செல்போனை அணைத்து வைக்கவும்.' அந்தச் சனிக்கிழமை முடிந்து வந்த திங்கட்கிழமையே செனி மார்க் போட்டான். 'விழாத அறைக்கு நூற்றுக்கு நூறு.' அறுபத்தோராயிரம் பேர் படித்தார்கள். என் முப்பது வருடத் துண்டறிக்கையை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு பேர் படித்திருக்க மாட்டார்கள். படிக்காமல் அதில் கடலை மடித்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"இப்பவாவது தெரிஞ்சுதா வாசகருக்கு என்ன பிடிக்கும்னு?" என்று கேட்டேன்.

"நாத்தனாரைப் பிடிக்கும் தோழர்" என்றான்.

மூன்றாவது வாரம் மம்மியோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். மீன்காரர் வழக்கம்போலக் கையை ஓங்கினார். மம்மியின் உடம்பும் வழக்கம்போலச் சாயத் தொடங்கியது. மீன்காரரின் கை பாதியில் நின்றது. பக்கத்தில் அவர் மனைவி முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த மாடிப் படிக்கட்டை இரண்டு தடவை ஏறியவள்.

ஓங்கிய கையை அவர் ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். "பெர்த்திங் ஐயா... இன்னிக்கு என்ன மீன் போடட்டும்?"

பாதி சாய்ந்திருந்த மம்மி நிமிர்ந்து நின்றார். பையை நீட்டினார்.

"அந்தப் பெருசை எடு" என்றார்.