அடுப்படிக் குதிரைகள்

பேரன் கைப்பேசியில் ஏதோ அமெரிக்கக் கௌபாய் படம் பார்த்துக்கொண்டிருந்தான். குளம்புச் சத்தம் கேட்டதும் என் கை தானாக அரிசிப் பானையைத் தேடியது. சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி.

காரைக்குடியில் எங்கள் அடுப்படிக்கும் சினிமாக் கொட்டகைக்கும் ஒரே சுவர். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. தமிழ்ப் படம் ஓடும் நாட்களில் அம்மா மாலைக் காட்சியின் பாட்டுகளை வைத்தே சமைப்பாள். கடைசிப் பாட்டுக்கு உலை வைத்தால், அத்தா, அதாவது அப்பா, கடையடைத்து வரும்போது சோறு சூடாக இருக்கும். பாட்டே இல்லாத கௌபாய் படம் வந்த வாரம்தான் திண்டாட்டம். முதல்நாள் சோறு குழைந்தது. மறுநாளிலிருந்து, சுவர் அதிரக் குதிரைகள் முதல்முறை ஓடும்போது அரிசி களைந்து, அடுத்த ஓட்டத்தில் உலையில் போட்டு, துப்பாக்கிகள் வெடித்து ஓய்ந்ததும் கஞ்சி வடித்து, அம்மா அந்தப் படத்தையும் அடுப்புக்குப் பழக்கிவிட்டாள்.

கடைசி நாள் அத்தா சீக்கிரமே வந்து, "அந்தக் குதிரையத்தான் ஒருதடவ பாத்துருவமே, கெளம்பு" என்றார். அதுவரை கொட்டகைக்குள் கால் வைக்காத அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தாள். குதிரைகள் ஓடும்போதெல்லாம் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது, "பிடிக்கலையா?" என்று அத்தா கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அம்மா. "கடையில இருக்குற நீங்க அந்தச் சத்தத்த எங்க கேட்டீக? நம்ம அடுப்படியில இதவிட நெறையக் குதிரை ஓடும்."